இறக்கம் இல்லாத ஊரில் ஒரு பியட்

கருணாகரனின் பியட் கார் சாவியில் ஸ்டார்ட் ஆகி ஊட்டி காந்தலில் யாரும் பார்த்து வெகுகாலம் ஆகிறது. அதற்கு அவசியமும் வந்ததில்லை. அவருடைய வீடு இருக்கும் தெரு, மேலே பிள்ளையார் கோயிலில் தொடங்கிக் கீழே ரேஷன் கடையில் போய் முடிகிற ஒரே சரிவு. வண்டி மூக்கைக் கீழ்ப்பக்கமாக நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு கருங்கல். கிளம்புகிற நேரம் கல்லைக் காலால் எத்தித் தள்ளுவார். ஏறி உட்கார்ந்து கைபிரேக்கை விடுவார். வண்டி சத்தமில்லாமல் உருளும். வேகம் பிடித்ததும் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் ஒரு குலுங்கு குலுங்கி, இருமி, கொஞ்சம் புகை கக்கி எழுந்துகொள்ளும். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்கள் பின்னால் சத்தம் கேட்கும் முன்பே ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். பழக்கம்தான்.

மலையில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். கீழ்நாட்டுக்காரர்கள் வண்டி நிறுத்த நிழல் தேடுவார்கள். இவர்கள் சரிவு தேடுவார்கள். பேட்டரி படுத்தாலும் சரிவு, சாவியில் இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் படுத்தாலும் சரிவு. எதற்காகக் கழற்றிப் பார்க்க வேண்டும்?

கருணாகரனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காரமடைப் பக்கமிருந்து உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்க வந்து, அப்படியே தங்கி, போட்ட கடை. நாள் முழுக்க ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து பருப்பும் வெல்லமும் நிறுக்கிற மனிதருக்கு வாரத்தில் ஒருநாளாவது எதையாவது கழற்றிப் பார்க்க வேண்டும் போலிருக்கும். முதலில் ரேடியோ, பிறகு மிக்ஸி. கடைசியில் நடுவட்டம் என்கிற ஊரில் ஒரு எஸ்டேட் பங்களாவின் பின்பக்கம் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த இந்த பியட்டைப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தில் வண்டிக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் காந்தலில் அது பியட்தான். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்று மனைவி இந்துமதி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கோழி எங்கங்க?" என்று கேட்டாள். இன்றைக்கும் தெருவில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று. தண்ணீர் பம்ப் ஒழுகியது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளை அலசி ஒரு பம்ப் வாங்கிக்கொண்டு வந்தால் போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. மாற்றி வாங்கி வந்தது பொருந்தியது, ஆனால் அதுவும் ஒழுகியது. பக்கத்துக் கதவுக் கண்ணாடி ஏறும், இறங்காது. அதைச் சரிசெய்தார், இறங்கியது, ஏறவில்லை. மழைக்காலம் முழுவதும் அந்த ஜன்னலில் அரிசிச் சாக்கு. வைப்பர் மழை நின்ற பிறகுதான் நன்றாக ஓடும்.

பனிக்காலத்தில் தொல்லை வீட்டுக்குள் வந்தது. ஈரத்தில் ஸ்பார்க் பிளக் நமத்துப்போய்ச் சரிவில் உருட்டினாலும் வண்டி எழவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, இந்துமதி குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் வரிசையாக வைத்துச் சூடு பண்ணினார். வண்டி எழுந்தது. சந்தோஷமாக ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். முதல் தோசையை வாயில் வைத்த மகள் தட்டை நகர்த்திவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள்.

"பெட்ரோல் வாசம் வருதுங்க" என்றாள் இந்துமதி.

"எங்க?"

"தோசைல."

அவர் இரண்டு தோசை சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கல் அவருக்கே என்று ஒதுக்கப்பட்டது. புதுக்கல் வாங்கிப் பழக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்கத் தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. ஒவ்வொரு பிய்ந்த தோசையும் அவர் தட்டுக்குத்தான் வந்தது.

இந்துமதி கோபக்காரி அல்ல. பொறுத்துக்கொண்டே இருந்து ஒருநாள் முடிவு சொல்லுகிற ரகம். அந்த நாள் வந்தது. குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வெலிங்டன் அருகே வண்டி நின்றுவிட்டது. ஏற்றம் பார்த்த இடம். பட்டுப்புடவையோடு அவளும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அதில் அவளுடைய பெரியம்மா மகளும் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஏனுங்க, பாலு ஊட்டுப் புதுமனைக்குக் காரமடை போகோணும். இந்த வண்டியிலயே போலாம். போயிட்டுத் திரும்பற வரைக்கும் ஒருத்தர் கையும் வண்டி மேல படக்கூடாது. யாராச்சும் தள்ளுனாங்கன்னா மறுநாளே இரும்புக் கடைக்காரனுக்குப் போன் பண்ணிருவேன். நீங்க ஒண்ணும் பேசக்கூடாது."

"இறக்கத்துல உருட்டறது?"

அவள் யோசித்தாள். "அது தள்ளறதுல சேராது."

நியாயமாகத்தான் பேசினாள். அவருக்கு ஒப்புக்கொள்ளாமல் வழியில்லை.

பாலு அவளுடைய தம்பி. காரமடையில் வீடு கட்டி முடித்திருந்தான். போன வருஷம் புதுக்கார் வாங்கியதிலிருந்து மாமாவின் பியட்டைப் பற்றிப் பேசாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. தள்ளுவண்டி எப்படி இருக்குது மாமா என்பதுதான் அவனுடைய நலவிசாரிப்பு.

கருணாகரன் தயாரானார். கடையைப் பாதி நாள் மூடினார். கிளென்மார்கனில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ராசு உதவிக்கு வந்தான். அவனிடம் ஒரு கிழட்டு ஜீப் இருக்கிறது; அந்த வழியில்தான் பழக்கம். பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத சந்தோஷங்களையெல்லாம் இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள்: பாயிண்ட் செட் கிடைத்தது, சைலன்சர் ஓட்டை அடைபட்டது, இந்த மாதிரி. இரண்டு பேரும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். ஃபேன் பெல்ட் புதிது. ரேடியேட்டர் ஹோஸ் புதிது. பிரேக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். மேலே காற்று லேசு என்பதால் கார்புரேட்டரை எப்போதும் பெட்ரோல் கம்மியாக வருகிற மாதிரி வைத்திருப்பார்கள். கீழே போனால் அதைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும் என்று ஸ்குரூ டிரைவரைத் தனியாகத் துணியில் சுற்றி டேஷ்போர்டில் வைத்தான் ராசு. ஜன்னல் கண்ணாடிகூட அன்றைக்கு ஏறி இறங்கியது.

செல்ஃப் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைவில் இருக்க வேண்டும். அது கெட்டுப்போன உறுப்பாகவே அவர்களுக்குத் தெரியவில்லை.

புதுமனை நாள் விடியலில் கல்லை எத்தினார், வண்டி உருண்டது, எழுந்தது. இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, மேலே நடந்துபோய்க் கல்லை எடுத்து வந்து பின்பக்கம் போட்டுக்கொண்டார். இந்துமதி மடியில் சீர்த்தட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் காலேஜ் பரீட்சை என்று சொல்லிவிட்டாள். உண்மையில் பரீட்சை இருந்ததா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இறக்கம் முழுக்க இரண்டாவது கியர். பர்லியார் தாண்டியதும் காதில் காற்று அடைத்துத் திறந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். கல்லாறு வந்ததும் இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான். ஓரமாக நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பினார். தட்டுவது நின்றது. மேட்டுப்பாளையம் வரை அவர் முகத்தில் இருந்த பெருமையை இந்துமதி பார்க்காத மாதிரி பாக்குத்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரமடைக்குள் நுழைந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். தெரு தெருவாகச் சமதரை. மேசையில் விரித்த பேப்பர் மாதிரி. பிறந்ததிலிருந்து எத்தனையோ முறை வந்துபோன ஊர்தான். ஆனால் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனவர் இதைக் கவனித்ததில்லை.

"ஏன் மெதுவாப் போறீங்க?"

"இடம் பாக்கறேன்."

"இவ்வளவு இடம் இருக்குது, இன்னும் என்ன இடம்?"

பாலுவின் வீட்டு முன்னால் வந்ததும் உயிர் வந்தது. புது வீடு, உயர்த்திக் கட்டிய வீடு. தெருவிலிருந்து போர்டிகோவுக்கு ஒரு சாய்வு போட்டிருந்தான். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேலே ஏற்றி, மூக்கு தெருவைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். கல்லை எடுத்து முட்டுக் கொடுத்த பிறகே இன்ஜினை அணைத்தார். சாய்வு சின்னதுதான். ஆனாலும் வண்டியின் நீளத்துக்கு இருந்தது. கீழே தெருவைத் தொடும்போது கிளட்சை விட்டால் போதும்.

"மாமா, தள்ளுவண்டி வந்துருச்சுங்களா!" என்று பாலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "வாங்கக்கா. ஏங்க்கா, எங்கிருந்து தள்ளிட்டு வந்தீங்க, குன்னூர்ல இருந்தா?"

"ஊட்டியிலிருந்து கீழ வரத் தள்ளணுமா? உருண்டாலே வந்துரும்" என்றாள் இந்துமதி. கருணாகரன் சிரித்தார். அவள் தன் பக்கம் பேசுகிறாளா தம்பி பக்கம் பேசுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

பூஜை முடிந்தது. பால் காய்ச்சியாயிற்று. மாடியில் பந்தி போட்டார்கள். கருணாகரன் ரசத்துக்கு வந்திருந்தார். கீழே பெரிய சத்தம். டெம்போ ஒன்று ஹாரன் அடித்தது. "ஏப்பா, அந்தக் கல்ல எடு!" என்று யாரோ கத்தியது காதில் விழுந்தது. எச்சில் கையோடு எழுந்து மாடிச் சுவர் ஓரம் ஓடி எட்டிப் பார்த்தார்.

சமையல்காரர்கள் வந்த டெம்போ அண்டாக்களை ஏற்றப் போர்டிகோவுக்குள் வர வேண்டியிருந்தது. பியட் வழியில் நின்றது. கதவுப் பூட்டு என்றைக்கோ வேலை செய்வதை விட்டுவிட்ட வண்டி. ஒருவன் கல்லை எடுத்தான். இன்னொருவன் உள்ளே கையை விட்டுக் கைபிரேக்கை இறக்கினான். வண்டி தானாகவே நிதானமாக உருண்டு, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மதிலோரம் சமதரையில் போய் நின்றது. ஒருவரும் அதைத் தள்ளவில்லை. அவருடைய சாய்வை அது வீணாகத் தின்றுவிட்டு நின்றது.

கையைக் கழுவாமலே படியில் இறங்கினார். அண்டாக்கள் ஏறிக்கொண்டிருந்தன. டெம்போ கிளம்பிப் போன பிறகு மட்டும் என்ன, அந்தச் சாய்வில் வண்டியைத் திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும்.

வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடி.

டக்.

லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரன் அலறியது. பேட்டரியில் குறையில்லை. மோட்டார்தான் சுற்ற மறுத்தது. ராசுவுக்குப் போன் போட்டார்.

"சமதரைங்களா?" என்றான் ராசு. இழவு வீட்டில் விசாரிக்கிற குரல்.

"சமதரைதான்."

"கொஞ்சங்கூட இறக்கம் இல்லீங்களா? அடுத்த தெருவுல?"

"அடுத்த தெரு என்னடா, பொள்ளாச்சி வரைக்கும் இப்படித்தான் இருக்கும் போல."

"என்னங்கண்ணா இது, எப்படித்தான் குடியிருக்காங்களோ!" என்று அலுத்துக்கொண்டான். பிறகு, "மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு ஒட்டிட்டு இருக்கும். அடில புகுந்து மோட்டார் மேல தட்டணும். அதே நேரத்துல ஒருத்தர் சாவியத் திருப்பணும். தனியா ஆகாதுங்கண்ணா" என்றான்.

அதற்குள் பந்தி முடிந்து ஆட்கள் தெருவில் சேர்ந்துவிட்டார்கள். வெற்றிலையை மென்றுகொண்டு பாலுவின் கூட்டாளிகள் வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். டயரை உதைப்பதால் என்ன தெரியும் என்று கருணாகரனுக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

"மாமா, ஏன் இந்தப் பாடு? நாலு பேர் இருக்கோம். ஒரு தள்ளு, அவ்வளவுதான்" என்று பாலு பின்பக்கம் போய் டிக்கியில் கை வைக்கப் போனான்.

"தொடாத!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அப்படிக் கத்திக் கடையில்கூட யாரும் கேட்டதில்லை. பாலு கையை நீட்டியபடியே நின்றான்.

"ஏனுங் மாமா, பெயின்ட் ஒட்டிக்குமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"நானே பாத்துக்கறேன், உடு."

எதனால் தள்ளக்கூடாது என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. பெண்டாட்டி போட்ட நிபந்தனை என்று மச்சினன் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். தட்டினார். வெளியே வந்து சாவியைத் திருப்பினார். டக். திரும்ப அடியில் போனார். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் சட்டையில் ஒரு புதுக் கறை. ஒவ்வொரு முறையும் சிரிப்பு கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. தட்டினால் ஆகாது, வெல்லம் வைத்துக் கும்பிடு என்றார் ஒருவர். கண்ணில் துரு விழுந்திருந்தது. அந்த நிமிஷம் இரும்புக் கடைக்காரனே நேரில் வந்திருந்தால் அவரே சாவியைக் கொடுத்திருப்பார்.

இந்துமதி வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் அவருக்காக எடுத்து வைத்த பாயசம் டம்ளர். டெம்போவுக்காகக் கல்லை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா, நீங்க எங்கூடக் கார்ல வந்துருங்க. மேல கொண்டு வந்து விட்டர்றேன்" என்றான் பாலு. "இந்த டப்பா இங்கயே கெடக்கட்டும். நாளைக்கு நானே எடைக்குப் போட்டுடறேன். மாமாவுக்கு ஒரு பாரம் தீந்த மாதிரி."

இந்துமதி டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"எடைக்குப் போடறதா இருந்தா நான் போடுவேன். உன்ற சாமானா அது?" என்றாள்.

தெருவைத் தாண்டி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. காலுக்கருகில் மூன்று பெடல்களையும் சந்தேகமாகப் பார்த்தாள்.

"எதையாச்சும் மிதிக்கணுமா?"

"ஆக்சிலேட்டரை லேசா. வலது கோடில இருக்குது. நியூட்ரல்லதான் நிக்குது, பயப்படாத" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"எனக்கென்ன பயம், நீங்கதான் அடில கெடக்கறீங்க. திருப்பட்டுங்களா?"

"திருப்பு."

டக்.

"இன்னும் அழுத்தித் தட்டுங்க. என்னமோ தூங்கற புள்ளையத் தட்டற மாதிரி."

அவர் மல்லாந்து படுத்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஆத்திரத்தோடு ஒன்று வைத்தார். அவள் அதே நொடியில் சாவியைத் திருப்பினாள். மோட்டார் ஒரு கர்ணகடூரமான சத்தத்தோடு சுற்றியது. இன்ஜின் எழுந்தது. இந்துமதி பயத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாள். பின்னால் நின்ற கூட்டாளிகள் புகையில் மறைந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

யாரும் கை தட்டவில்லை. பாலு பாயசத்தைக் குடித்துவிட்டான்.

இன்ஜினை அணைக்கப் பயந்து, விடைபெறுவதைக்கூட ஜன்னல் வழியாகவே முடித்தார்கள். தாம்பூலப் பையை ஓடுகிற வண்டியில் வாங்கிக்கொண்டாள். மலையேறும்போது சூடு முள் மேலே மேலே போனது. பர்லியாரில் ஓரமாக ஒதுக்கி, அணைக்காமலே, பானெட்டைத் திறந்து வைத்துக் காற்று வாங்கவிட்டார்கள். குரங்கு ஒன்று வந்து பின்சீட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் ஓடக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"உருண்டுது. யாரும் தள்ளல" என்றார் அவர், குன்னூர் தாண்டிய பிறகு.

"பாத்தேன்."

அந்த ஒற்றைச் சொல் அவருக்கு டக் சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

வீட்டு வாசலில் வழக்கம்போல மூக்கைக் கீழே வைத்து நிறுத்தி, பின்பக்கமிருந்து கல்லை எடுக்கக் கையை விட்டார். கல் இல்லை. காரமடையில் விட்டுவிட்டோமோ என்று பதறி நிமிர்ந்தால், இந்துமதி அதை இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"கல்லக் குடு. வண்டி நிக்காது."

"கீழ கொண்டு போய் ரேஷன் கடைகிட்ட நிறுத்துங்க. அங்க சமமா இருக்குது. அந்த மோட்டாரு சரியாகி, சாவியிலயே கெளம்பற வரைக்கும் கல்லு வெளிய வராது."

"அப்ப வண்டிய எடைக்குப் போடமாட்டியே?"

"அதான் சொல்லிட்டனே."

கல் இப்போது சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு ஒதுக்கிய பழைய தோசைக்கல் அதன்மேல்.

மறுவாரம் கருணாகரனும் ராசுவும் மோட்டாரைக் கழற்றினார்கள். ஒரு போல்ட் தலை தேய்ந்து வழுக்கியது, அதற்கே ஒரு மதியம் போயிற்று. உக்கடத்தில் வாங்கிய கார்பன் பிரஷ் தடிமன் ஜாஸ்தி. உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கியதில் ஒன்று உடைந்தது. திரும்ப உக்கடம். மாட்டிய அன்று சாவியில் சட்டென்று எழுந்தது. ராசு விசில் அடித்தான், ரேஷன் வரிசையே பார்த்தது. இந்துமதியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று அணைத்தார். மேலே தெருவிலிருந்து அவள் இறங்கி வருவதற்குள் மூடுபனியும் கூடவே இறங்கிவிட்டது.

டக்.

ராசு வானத்தைப் பார்த்தான். கருணாகரன் கம்பியை எடுத்துக்கொண்டு ஈரத் தரையில் சாக்கை விரித்துப் படுத்தார். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தலைக்குமேலே இருக்கை கிறீச்சிட்டது.

"தட்டுங்க" என்றாள் இந்துமதி.